மரக்கணியும் விண்கணியும்: வேனிற்காலத் திருமணம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தேங்காய்ப்பூவையோ பச்சையரிசியையோ அள்ளித் தின்னும் சிறுமியைப் பார்த்து, "உன்ரை கலியாணத்துக்கு மழை பெய்யப்போகுது" என்று பாட்டிமார் எச்சரிப்பதை நம்மிற் பலர் கேட்டிருப்போம். விளையாட்டாகச் சொல்லப்படும் இக்கூற்றிலே ஒரு சமுதாயத்தின் நெடுங்கால அச்சம் பொதிந்து கிடக்கிறது. திருமணநாள் பல மாதங்களுக்கு முன்னரே குறிக்கப்படுவது. மழையோ எவருக்கும் நாட்குறித்து வருவதன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள முரண்பாட்டைத் தமிழர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை, சிறப்பாக வேனிற்காலத் திருமணத்தை அடிப்படையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் வகுத்த மண மாதங்கள் யாவும் காலநிலையை ஆராய்ந்து வகுத்த அறிவியல் விதிகளே என்று கூறுவார் ஒருசாரார். அவை வெறும் மூடநம்பிக்கைகளே என்று தள்ளிவிடுவார் மற்றொரு சாரார். இரு சாராரும் சான்றுகளை முழுமையாக நோக்கினார் அல்லர் என்பது மேல்வருவனவற்றால் விளங்கும்.

பூத்த வேங்கை

சங்க இலக்கியத்திலே மணநாளைக் குறிப்பதற்கு இருவகை அடையாளங்கள் காணப்படுகின்றன. ஒன்று நிலத்தைச் சார்ந்தது. மற்றையது வானத்தைச் சார்ந்தது.

குறிஞ்சிநில மக்கள் வேங்கைமரம் பூத்தமை கண்டு மணவினைக்குரிய காலம் வந்துற்றதென அறிந்தனர். தினை முற்றுதலும் வேங்கை மலர்தலும் ஒருங்கே கூறப்படும் பாடல்கள் பல. அகநானூற்றின் இரண்டாம் பாடலிலே கபிலர், வேங்கை மலர்ந்தமையையும் திங்களின் நிலையையும் அடுத்தடுத்துத் தோழி வாயிலாக உரைத்து, களவொழுக்கத்தை நீட்டியாது வரைந்துகொள்ளவேண்டும் என்பதைத் தலைவனுக்குக் குறிப்பாற் புலப்படுத்துகின்றார். நாட்கணித்துக் கூறும் சோதிடனைக் 'கணி' என்பர். அச்சொல்லே வேங்கைமரத்துக்கும் பெயராயிற்று. காலத்தை அறிவிக்கும் மரம் என்ற கருத்திலேதான் அப்பெயர் எழுந்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

மரம் கணியாயிருத்தலின் சிறப்பு யாது? மரம் ஏட்டைப் பார்த்துப் பூப்பதில்லை. ஓராண்டு மழை பிந்தினால் பூவும் பிந்தும். வெப்பம் முந்தினால் பூவும் முந்தும். எனவே வேங்கை காட்டிய மணக்காலம் அவ்வாண்டின் உண்மையான பருவத்தைத் தழுவிச் சென்றது. தினை அறுவடை முடிந்து உணவும் ஓய்வும் கிடைக்கும் காலமும் அதுவேயாம்.

தெளிந்த விசும்பு

வானத்தைச் சார்ந்த அடையாளம் திங்கள் உரோகிணியோடு கூடுதலாகும். அகநானூற்றின் 86 ஆம், 136 ஆம் பாடல்கள் தமிழரின் பழைய திருமணத்தை விரித்துரைப்பன. முன்னதை நல்லாவூர் கிழாரும் பின்னதை விற்றூற்று மூதெயினனாரும் பாடினர். 86 ஆம் பாடலிலே நிரையாகக் கால்கள் நாட்டிய பெரும் பந்தர், பரப்பிய மணல், ஏற்றிய விளக்கு, தொங்கவிட்ட மாலைகள் ஆகியன கூறப்படுகின்றன. இருள் அகன்ற விடியற்போதிலே, மகப்பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். ஆண்டுப் பார்ப்பாரும் இல்லை; எரிவலமும் இல்லை.

136 ஆம் பாடல் நம் ஆய்வுக்கு இன்னும் பயன் தருவது. அங்கே திங்கள் உரோகிணியைக் கூடிய நன்னாள் கூறப்படுவதோடு வானம் தெளிந்து விளங்கியமையும் தனித்துக் கூறப்படுகிறது. அதே பாடலில் மணமகளுக்கு வாகையிலையோடு சேர்த்து வெண்ணூலிற் சூட்டப்படும் அறுகின் முகை, இடிமுழங்கிய வானத்தின் முதற்பெயலிலே முளைத்தது என்று குறிக்கப்படுகிறது. பந்தரின்கீழ் அணிகலன்கள் பூண்டிருந்த மணமகளுக்கு வியர்வை பெருகிய செய்தியும் உண்டு. தெளிந்த வானம், அண்மையிற் பெய்த முதல் இடிமழை, வியர்க்கும் புழுக்கம் ஆகிய மூன்றையும் ஒருசேர நோக்குமிடத்து, வேனிலும் மழையும் மயங்கும் ஒரு காலமே புலவர் உள்ளத்தில் இருந்ததெனக் கருத இடமுண்டு. கவிதையை வானிலைப் பதிவேடாகக் கொள்ளுதல் தகாது. எனினும், மழை வந்துவிடக்கூடிய காலத்திலே மழையில்லாத ஒருநாள் வாய்த்ததைப் பேறாகக் கொண்டாடும் மனநிலையை இப்பாடலிற் காணலாம்.

இங்கே ஒரு கணக்கை மனங்கொள்ளல் வேண்டும். திங்கள் விண்மீன்களினூடே ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 27.3 நாட்களாகும். ஆகவே திங்களும் உரோகிணியும் கூடும் நாள் ஆண்டுக்குப் பதின்மூன்று முறை வரும். கார்காலத்திலும் வரும், கடும்பனியிலும் வரும். எனவே உரோகிணி என்ற விதி நாளைத் தெரிந்துதருமேயன்றிப் பருவத்தைத் தெரிந்துதராது. பருவத்தைத் தெரிந்தவை விளைச்சல், வேலை, வானிலை, வேங்கைமரம் ஆகியனவே. பழந்தமிழர் திருமணத்தில் மரக்கணி பருவத்தைச் சொல்ல, விண்கணி நாளைச் சொன்னது. இரண்டும் ஒன்றையொன்று நிறைவுசெய்தன எனலாம்.

நீல விதானம்

சிலப்பதிகாரத்திலே இந்நிலை மாறிவிடுகிறது. கோவலன் கண்ணகி திருமணமும் திங்கள் உரோகிணியைச் சேர்ந்த நாளிலேயே நிகழ்கிறது. ஆயினும் அது மணல் பரப்பிய முற்றத்தில் நிகழவில்லை. புகார்நகர வணிகனின் மாளிகையிலே, மணிகள் பதித்த தூண்களின் நடுவே, நீலநிற விதானத்தின்கீழ் அமைத்த முத்துப்பந்தரில் நிகழ்கிறது. முதிய பார்ப்பான் மறைநெறி காட்ட, மணமக்கள் தீவலம் செய்கின்றனர்.

அகநானூற்று மணமக்களுக்கு மேலே தெளியவேண்டிய வானம் இருந்தது. கண்ணகிக்கு மேலே வானத்தின் நிறம் தீட்டிய துணி இருந்தது. செல்வம் படைத்த வணிகனுக்கு வானம் தெளிந்தாலென்ன, இருண்டாலென்ன? விண்மீன் விதி நிலைத்தது. ஆனால் அவ்விதியைச் சூழ்ந்திருந்த பருவ உணர்வு மங்கலாயிற்று. காலநிலையின் நிச்சயமின்மை எல்லாரையும் ஒரே அளவிற் பாதிப்பதன்று என்ற உண்மையும் இங்கேயே முதன்முதலில் வெளிப்படுகிறது.

நகர்ந்துசென்ற இளவேனில்

பெரும்பொழுதுகள் ஆறு என்பது தமிழ் மரபு. ஆவணியும் புரட்டாதியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில் என உரையாசிரியர் வகுப்பர். இப்பகுப்பின்படி இளவேனில் திருமணம் என்பது சித்திரை வைகாசித் திருமணமாகும்.

ஆனால் ஏட்டிலுள்ள சித்திரையும் நிலத்திலுள்ள இளவேனிலும் ஒன்றாகவே இருந்துவரவில்லை. பருவங்களை உண்டாக்குவது ஞாயிற்றின் வடக்குத் தெற்குப் பெயர்ச்சி. அதற்குரிய ஆண்டின் அளவு ஏறத்தாழ 365.2422 நாள். நமது பஞ்சாங்கத்தின் சௌர ஆண்டோ விண்மீன்களை அடியொற்றியது. வாக்கிய முறையில் அது 365 நாளும் 15 நாழிகையும் 31 விநாழிகையும் சிறிது மிகையுமாகும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியதே. ஆயினும் அது சேர்ந்து சேர்ந்து ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு ஒருநாளாகிறது. ஆரியபடர் தம் நூலிற் குறிப்பிடும் கி. பி. 499 ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் மேட சங்கிராந்தியும் பகலும் இரவும் ஒத்த வேனிற் சமநாளும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தன. இன்று சமநாள் மார்ச் 20 அல்லது 21 இல் வருகிறது. சித்திரைப் புத்தாண்டு ஏப்பிரல் 14 ஆம் நாளை ஒட்டி வருகிறது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளிற் சித்திரை தன் பருவத்தினின்று ஏறத்தாழ 24 நாட்கள் நகர்ந்துவிட்டது.

இதன் விளைவு வியப்புக்குரியது. பங்குனி மாதத்தையும் மணவினைக்கு ஆகாதென விலக்கும் வழக்குப் பலவிடங்களில் உண்டு. இன்று பங்குனி எனப்படுவது ஏறத்தாழ மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்பிரல் 13 வரையுள்ள காலம். அதிற் பெரும்பகுதி ஆரியபடர் காலத்திலே சித்திரை மாதமாக இருந்தது. முன்னோர் இளவேனில் என்று கொண்டாடிய அதே வெயிலையும் அதே தென்றலையும் நாம் பங்குனி என்று பெயரிட்டு விலக்குகின்றோம். அவர்கள் சித்திரையில் அறியாத புழுக்கத்தையும் மாலை இடியையும் இளவேனில் என்று பெயரிட்டு வரவேற்கின்றோம். மாதத்தின் பெயரைக் காத்த நாம் மாதத்தின் பொருளைக் காக்கவில்லை. மரக்கணியைக் கைவிட்டு விண்கணியை மட்டும் பற்றியதன் பயன் இதுவாகும்.

விலக்கப்பட்ட மாதங்களும் யாழ்ப்பாணத்து வானிலையும்

இனி, மாத விலக்குகள் காலநிலை காரணமாக எழுந்தன என்னும் கொள்கையை ஈழத்து நிலைமையோடு பொருத்திப் பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே கிடைக்கிறது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகக் காற்று வீசும். அக்காலத்தில் அங்கே மழை அருமை. பந்தலிட்டு மணவினை நிகழ்த்துவதற்கு மிக இடரான மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையுமாகும். ஆனால் அவை விலக்கப்படவில்லை. மழை மிகக் குறைந்த ஆடியோ முழுமையாக விலக்கப்பட்டுள்ளது.

"ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்" என்னும் பழமொழியை எடுத்துக்காட்டி, பந்தல் காற்றிற் பறக்கும் என்பதாலேயே ஆடி விலக்கப்பட்டது எனச் சிலர் வாதிக்கலாம். அவ்வாறாயின், அதே சோளகம் வீசும் ஆனி ஏன் மணமாதமாயிற்று என்ற வினாவுக்கு விடையில்லை. ஆடி தட்சிணாயனத்தின் தொடக்கம். மார்கழி தேவர்களின் வைகறையாகக் கொள்ளப்பட்டு வழிபாட்டுக்கு ஒதுக்கப்பட்டது. இவை சமயக் காரணங்கள். வேற்று நிலங்களில் உருவாகி நம் நிலத்துக்கு வந்த விதிகள். 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கி நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்ட சூறாவளி, மணமாதமாகிய கார்த்திகையின் முற்பகுதியிலேயே வந்தது. பஞ்சாங்கம் சூறாவளியைத் தடுக்கவுமில்லை, அறிவிக்கவுமில்லை.

ஆயின், விதியை மட்டும் நோக்காது மக்கள் நடைமுறையையும் நோக்கினால் வேறொரு காட்சி தெரிகிறது. அனுமதிக்கப்பட்ட மாதங்களுள் மக்கள் எவற்றை விரும்பித் தெரிந்தனர்? தையிலும் மாசியிலும் நெல் வீடு வந்து சேரும். பங்குனி சித்திரையிலே புகையிலை வெட்டப்பட்டு உணர்த்தப்படும். பின்பு கையிற் காசு புரளும். அடுத்த விதைப்பு ஆவணி புரட்டாதியிலேயே தொடங்கும். ஆகவே தைக்குப் பின்னும் ஆவணிக்கு முன்னும் யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்குப் பொருளும் ஓய்வும் ஒருங்கே வாய்த்தன. ஐப்பசி கார்த்திகை சாத்திரப்படி தடையற்றவையாயினும், வெள்ளம் நிற்கும் முற்றத்தில் விருந்திட எவர் விரும்புவர்? சாத்திரம் பன்னிரண்டில் சிலவற்றை நீக்கிற்று. எஞ்சியவற்றுள் வயலும் வானமும் தெரிவு செய்தன. மரக்கணி ஏட்டிலிருந்து மறைந்தாலும் கமக்காரன் மனத்திலிருந்து முற்றாக மறையவில்லை.

முற்றத்துப் பந்தல்

பருவத்தைத் தெரிந்துகொண்ட பின்னரும் குறித்த நாளில் மழை வராது என்பதற்கு உறுதியில்லை. சோளகம் தொடங்குவதற்கு முன்னுள்ள சித்திரை மாதத்தில் வெப்பத்தால் எழும் காற்று முகிலாகத் திரண்டு, பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் இடிமழையாகப் பொழியும். அது ஓரூரிற் பெய்யும்; அடுத்த ஊரிற் பெய்யாது. இத்தகைய மழையை முன்னறிய இயலாது என்பதை உணர்ந்த சமுதாயம் அதற்கு ஈடுகொடுக்கும் வழிகளை வகுத்தது.

முற்றத்திலே பந்தல் கிடுகினால் வேயப்பட்டது. நிலத்தில் இட்ட வெண்மணல் அழகுக்கு மட்டுமன்று. சிறுமழை பெய்தாலும் நீரை உறிஞ்சிச் சேறாகாமற் காத்தது. விறகு முன்கூட்டியே வெட்டிக் காயவைத்து உள்ளே அடுக்கப்பட்டது. பலகாரங்கள் பலநாட் கெடாதவையாகச் செய்யப்பட்டன. பொன்னுருக்கலன்று ஈசானமூலையிற் கன்னிக்காலாக முள்முருக்கந்தடி நாட்டப்பட்டது. வேனில் தொடங்கும்போது இலையுதிர்ந்து செந்நிறமாகப் பூப்பது முருக்கு; வெட்டி நட்டாலும் துளிர்ப்பது. நாட்டிய தடி துளிர்த்தால் மணமக்கள் வாழ்வு தழைக்கும் என்பது நம்பிக்கை. துளிர்ப்பதற்கு ஈரம் வேண்டும். மழைக்கு அஞ்சிய அதே முற்றத்தில் மழையை வேண்டிநிற்கும் ஒரு மரமும் நின்றது! வேங்கைக்குப் பின் மரக்கணியின் எச்சமாக நம்மிடம் எஞ்சியுள்ளது இம்முருக்கு எனலாம்.

எனினும் இப்பந்தலைப் பொற்காலச் சின்னமாகப் போற்றுதல் வரலாற்று நேர்மையாகாது. பந்தலுக்கு வெள்ளை கட்டியவரும், ஏனைய தொண்டுகளைச் செய்தவரும் குடிமைத்தொழில் என்ற சாதிக் கட்டுப்பாட்டினால் வேலைவாங்கப்பட்டவர்கள். மழையில் நனைந்த வெள்ளையை மீண்டும் வெளுத்துக் கட்டவேண்டியவர்கள் அவர்களே. அப்பந்தலின்கீழ் சமபந்தியில் அமரும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. வானிலையின் இடரைச் சமுதாயம் பகிர்ந்துகொண்டது உண்மை. ஆனால் சமமாகப் பகிர்ந்துகொள்ளவில்லை.

பதிவும் மண்டபமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இரு புதிய நிறுவனங்கள் ஒரே ஆண்டில் தோன்றின. 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச்சட்டம் ஒன்று. அதே 1907 இல் நிறுவப்பட்ட கொழும்பு அவதான நிலையம் மற்றொன்று. முன்னது திருமணத்தின் சட்ட வலிமையைப் பதிவேட்டிற் பொறித்தது. பின்னது மழையையும் காற்றையும் நாள்தோறும் அளந்து பதிந்தது; 1948 இல் வளிமண்டலவியல் திணைக்களம் தனித்து உருவாயிற்று. பதிவுக்கு முகூர்த்தமும் வேண்டா, பந்தலும் வேண்டா. சட்டத்தின் கண்ணில் மணவினை வானத்தினின்றும் விடுதலை பெற்றது.

பின்னர்த் திருமண மண்டபங்கள் வந்தன. மணவினை மணமகள் வீட்டு முற்றத்திலிருந்து சீமெந்துக் கூரையின்கீழ் இடம்பெயர்ந்தது. புகார் வணிகனுக்கு மட்டும் கிட்டிய நீல விதானம் நடுத்தர மக்களுக்கும் வாடகைக்குக் கிட்டிற்று. ஆனால் மண்டபம் கிடைக்கும் நாளே முகூர்த்தநாளாகும் நிலையும் தோன்றிற்று. மரமும் விண்மீனும் இருந்த இடத்தில் மண்டபத்தின் பதிவுப்புத்தகம் மூன்றாவது கணியாக அமர்ந்துகொண்டது.

கூரை உறுதியாயினும் வழிகள் உறுதியாகிவிடவில்லை. 2016 ஆம் ஆண்டு மே நடுப்பகுதியில், அதாவது வைகாசியின் தொடக்கத்தில், றோனு சூறாவளியாகப் பின்னர் வளர்ந்த தாழமுக்கம் நாடெங்கும் பெருமழையைக் கொண்டுவந்தது. அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்களை மூடிற்று. இளவேனில் என்று ஏடு கூறிய நாட்களில் நிகழ்ந்தது இது. புவி வெப்பமடைந்து வரும் இக்காலத்திற் கடும்மழை மேலும் கடுமையாகும் என்பது அறிவியலாளர் கருத்து. செய்மதிகளும் கணிப்பொறிகளும் பெருகிய இன்றும், மூன்று மாதங்களுக்கு அப்பால் ஒரு குறித்த நாளில் ஒரு குறித்த ஊரில் மழை பெய்யுமா என்று கூற எந்த அறிவியலாலும் இயலாது. சில நாட்களுக்கு முன்னரே ஓரளவு நம்பத்தகுந்த எதிர்வுகூறல் கிடைக்கும். அழைப்பிதழோ அதற்கு நெடுநாள் முன்னரே அச்சாகிவிடும்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, தமிழர் மணநாட் தெரிவு தொடக்கத்தில் நிலத்தின் பருவத்தையும் வானத்தின் மீனையும் ஒருங்கே தழுவியதாயிருந்தது. இரண்டாவது, பிற்கால மாத விலக்குகளை ஈழத்துக் காலநிலையைக் கொண்டு விளக்குதல் பொருந்தாது. அவை தம் பருவத்தினின்று நகர்ந்தும்விட்டன. மூன்றாவது, நிச்சயமின்மையை வென்றது எந்தக் கணிப்பும் அன்று. முன்னேற்பாடும் மனித உழைப்புமே.

இவற்றோடு இன்னுமொன்றையும் கூறவேண்டும். தொடக்கத்திற் குறிப்பிட்ட பாட்டியின் கூற்றை மீண்டும் நினைவுகூர்வோம். கலியாணத்தன்று மழை பெய்தால் குற்றம் யாருடையது? பருவத்தை மறந்த பஞ்சாங்கத்தினுடையதன்று, நாட்குறித்த பெரியோருடையதன்று, என்றோ தேங்காய்ப்பூத் தின்ற சிறுமியுடையது! வானத்தின் பிழை பெண்ணின் தலையில் ஏற்றப்பட்டது. திருமணம் அவள் வீட்டு முற்றத்தில் நிகழ்ந்தமையால் செலவும் அவள் வீட்டாருக்கு, பழியும் அவளுக்கு என்றாயிற்று. மழையிற் குழம்பிய திருமணத்தை முன்னிட்டு 'ராசியில்லாதவள்' என்ற பெயரைச் சுமந்து வாழ்ந்த பெண்கள் எத்தனைபேர் என்பதை எந்த ஏடும் பதிந்துவைக்கவில்லை.

அகநானூற்று மணமகளின் கூந்தலுக்கு அருகே முதல்மழையில் முளைத்த அறுகம்முகை சூட்டப்பட்டிருந்தது. அங்கே மழை பழியன்று. அது பசுமை, வாழ்த்து. நம் மாணவ சமுதாயம் முன்னோரிடமிருந்து எதையேனும் மீட்டெடுக்க வேண்டுமாயின், நகர்ந்துபோன மாத விலக்குகளை அன்று, அந்த மனப்பான்மையையே மீட்டெடுத்தல் வேண்டும். பந்தலை உறுதியாக இடுவோம். மழை வந்தால் வரட்டும். அதற்காக மணமகளை எவரும் நோவாதிருக்கட்டும்.